கட்டாயம் நிரப்ப வேண்டிய கட்டம்

எங்கள் தெருவில் பைலட் வீடு எது என்று கேட்டால் விழிப்பார்கள். பன் வண்டி நிற்கிற வீடு எது என்று கேட்டால் உடனே கைகாட்டுவார்கள். இரண்டும் ஒரே வீடுதான். மாடியில் அவர்கள் மூன்று பேர், கீழே என் ஜெராக்ஸ் கடை. இருபத்திரண்டு வருஷமாக அந்த வீட்டுக்குக் கீழே உட்கார்ந்து மெஷின் ஓட்டுகிறேன். அதனால் அந்தக் குடும்பத்தைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்கிறது, வாயும் இருக்கிறது.

அப்பா பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். தெருவுக்கு அவர் டிரைவர், எனக்கு அண்ணன். அண்ணி பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கிறாள். ஒரே பெண். ஆறு வருஷம் விமானத்தில் கேப்டனுக்குப் பக்கத்து சீட்டில் துணை விமானியாக உட்கார்ந்து பறந்தவள். அவள் வேலை பார்த்த கம்பெனி ஒரு திங்கட்கிழமை மத்தியானம் ஒரே ஒரு மெயில் அனுப்பிவிட்டு மூடிக்கொண்டது. அன்றைக்கு ராத்திரி அழுதாள் என்று அண்ணி சொன்னாள். நான் பார்க்கவில்லை. நான் பார்த்ததெல்லாம், பதினைந்து நாள் கழித்து ரொட்டி ஃபாக்டரியின் சாம்பல் நிற வேனை அவள் வீட்டு வாசலில் பின்பக்கமாக எடுத்து, சுவருக்கு ஒரு சாண் விட்டு நிறுத்தியதைத்தான்.

விடிவதற்கு முன்பே போய்விடுவாள். நாற்பது கடைக்கு ரொட்டி, பன், ரஸ்க் போட்டுவிட்டுப் பத்து மணிக்குத் திரும்புவாள். தலைமுடியில் மாவு. காலில் மட்டும் விமானத்துக்குப் போட்ட அதே கறுப்பு ஷூ, தினமும் பாலீஷ் போட்டது. மருந்துக்கடைக்காரருக்கு நாக்கு சும்மா இருக்காது.

"என்னம்மா, ஏரோப்ளேன் ஓட்டுன கையில பன்னு டிரே தூக்குற."

"ரெண்டுலயும் ஏத்தினது நசுங்காம எறக்கணும்ணே. நீங்க ஒரு பாக்கெட் எடுத்துக்குங்க, நசுங்கியிருந்தா சொல்லுங்க."

அப்படித்தான் பேசுவாள். அவளிடம் பரிதாபப்பட வந்தவர்கள் கையில் ரொட்டியோடு திரும்பிப் போவார்கள்.

உள்நாட்டில் அவளைப் போல வேலை போனவர்கள் முந்நூறு பேர், இருந்த இடமோ பத்து. ஆகவே வெளிநாடு. என் கடையில்தான் தேடினாள். வெளிநாட்டுக் கம்பெனிகளின் விளம்பரங்களைப் பார்த்துப் பார்த்து நானே பாதி பைலட் ஆகிவிட்டேன். மேலே படம், நீல வானம், சிரிக்கிற ஆட்கள், 'உங்கள் கனவு காத்திருக்கிறது' என்று ஒரு வரி. கடைசியில் பொடி எழுத்தில் இருக்கும் விஷயம்: எங்கள் நாட்டுப் பிரஜைகள் மட்டும்.

"அத்தை, மேல படிக்காதீங்க. மொதல்ல அடியில இருக்கற வரியப் பாருங்க" என்பாள்.

வெளியாட்களை எடுக்கிற சில கம்பெனிகள் உண்டு, ஆனால் கேப்டன்களாகத்தான் எடுப்பார்கள். துணை விமானி சீட்டுக்கு அவர்கள் ஊர்ப் பிள்ளைகளே வரிசையில் நிற்கிறார்கள். எட்டு மாதம் தேடி ஒன்று கிடைத்தது. வெளிநாட்டுத் துணை விமானியை எடுத்துக்கொள்வார்கள். அந்த ரக விமானத்திலேயே இரண்டாயிரம் மணி நேரம் பறந்திருக்க வேண்டும். வேலை அனுமதியையும், நம் லைசென்ஸை அவர்கள் நாட்டில் செல்லுபடியாக்குவதையும் கம்பெனியே பார்த்துக்கொள்ளும். இவளிடம் இரண்டாயிரத்து அறுநூற்று நாற்பது மணி நேரம் இருந்தது.

இதில் கெடு ஒன்றும் இருந்தது. இந்த விமானத்தை ஓட்ட இன்னும் தகுதி உண்டு என்று வருஷத்துக்கு ஒருமுறை சோதித்து எழுதித் தருவார்கள். அவளுடையது அடுத்த மாதக் கடைசியோடு முடிகிறது. அதற்குள் ஒரு கம்பெனிக்குள் நுழைந்துவிட்டால் அவர்கள் புதுப்பிப்பார்கள். நுழையாவிட்டால் அவ்வளவுதான், அதன்பிறகு சீந்துவார் கிடையாது.

அவள் பறந்த மணிக்கணக்கை எழுதி வைத்த மூன்று பறப்புப் பதிவேடுகளையும் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்தோம். அது அடைமழைக் காலம். மழையில் காகிதம் நமுத்துப்போய் மெஷினுக்குள் இரண்டு இரண்டாகப் போய்ச் சிக்கும். காகிதக் கட்டை ஒரு குண்டு பல்புக்கு அடியில் வைத்துச் சூடு காட்டித்தான் போட வேண்டும். நான் போட, அவள் எடுக்க, அண்ணி மேலிருந்து டீ அனுப்ப, இரண்டு நாள் ஆயிற்று.

பிறகு கம்பெனியின் விண்ணப்பத்தைக் கணினியில் திறந்தோம். வினையே அங்கேதான் இருந்தது. பெயருக்கு இரண்டு கட்டம். முதல் கட்டத்தில் உன் பெயர், இரண்டாவதில் குடும்பப் பெயர், பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். நட்சத்திரம் போட்டால் கட்டாயம் நிரப்பியே ஆக வேண்டும்.

"நமக்கேது குடும்பப் பேரு? பாஸ்போர்ட்ல அந்த எடம் காலியாத்தானே இருக்கு" என்றாள்.

காலியாக விட்டுப் பார்த்தோம், நகரவில்லை. ஒரு கோடு போட்டோம். எழுத்து மட்டும் போடவும் என்றது. இனிஷியலைப் போட்டோம். ஓரெழுத்து போதாது என்றது. கடை சாத்தும் நேரம்.

"உங்கப்பா பேரையே முழுசாப் போட்டு விடு. இனிஷியலுக்கு விரிவு அதுதானே. எவன் கேக்கப் போறான்?" என்றேன்.

சொன்னது நான்தான். இதை மறைத்து எனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. கம்ப்யூட்டர் உடனே பச்சை காட்டிவிட்டது.

அதன்பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. எழுத்துத் தேர்வு, கேமரா முன்னால் நேர்காணல், வேறொரு ஊரில் சிமுலேட்டர் என்கிற விமானப் பயிற்சிக் கூண்டில் நாலு மணி நேரச் சோதனை என்று எல்லாவற்றிலும் தேறினாள். பாக்கி இருந்தது பின்னணி விசாரணை ஒன்றுதான். அதை வேறொரு ஏஜென்சி போனில் முடித்துவிடும் என்றார், வெளிநாட்டு வேலைக்கு வழிகாட்ட நாங்கள் பிடித்திருந்த ஏஜென்ட்.

அண்ணனிடம் ஒரு சட்டம் உண்டு. ஸ்டியரிங் பிடிக்கிற கை போனைப் பிடிக்கக் கூடாது. பையில் இருந்தாலும் அடித்தால் கை போகும், ஆகவே வண்டியிலேயே இருக்கக் கூடாது. முப்பத்தொரு வருஷம் பஸ்ஸில் அப்படி இருந்தவர், பெண்ணையும் அப்படியே வைத்திருந்தார். அவள் போன் காலையில் அண்ணியின் தையல் மெஷின் மேல்தான் கிடக்கும். 'வெளிநாட்டு நம்பர் வந்தா எடுத்து, பத்து மணிக்குப் பேசுவாள்னு மட்டும் சொல்லுங்கப்பா' என்று சொல்லிவிட்டுப் போவாள்.

அன்றைக்குக் காலை ஒன்பது மணிக்கு அண்ணன் சட்டையைப் போட்டுக்கொண்டு கடைக்கு இறங்கி வந்தார். முகமெல்லாம் பல்.

"பேசிட்டாங்கம்மா. அந்தக் கம்பெனியிலேர்ந்து ஒரு பொண்ணு. நல்ல மரியாதை. எடுத்ததும் என் பேரச் சொல்லி, நீங்கதானான்னு கேட்டுச்சு."

"உங்க பேரையா?"

"பின்ன யார் பேரு? பொண்ணுக்கு வேல குடுக்கறவன் அப்பன் யாரு எவருன்னு விசாரிக்க மாட்டானா? பொண்ணு எடுக்கறவனே ஏழு தெரு விசாரிக்கறான். இவன் ஏரோப்ளேனையே கையில குடுக்கப் போறான்."

மெஷினை நிறுத்தினேன். "நீங்க என்னண்ணே சொன்னீங்க?"

"எஸ், ஸ்பீக்கிங்னேன். எத்தன வருஷம் ஓட்டுனீங்கன்னு கேட்டுச்சு. தர்ட்டி ஒன் இயர்ஸ்னேன். ஆக்சிடென்ட் உண்டான்னுச்சு. நோ ஆக்சிடென்ட். அப்புறம் மனசு கேக்கல. பொய் சொல்லக் கூடாதுல்ல. ஒன் கோட்னு சொன்னேன். கோட் மிஸ்டேக், நாட் மை மிஸ்டேக்."

"ஆட்டையும் சொல்லிட்டீங்களா."

"சொன்னேனே. அந்தப் பொண்ணு கோட்டான்னு ரெண்டு தடவ கேட்டுச்சு. எழுதிக்கிச்சு போல. ஏன் வேலைய விட்டீங்கன்னுச்சு. ஏஜ் ஓவர்னேன். உடம்பு எப்படின்னு கேட்டுச்சு. லெஃப்ட் ஐ ஆப்பரேஷன், நவ் வெரி குட்னேன். தேங்க்யூன்னு வச்சுட்டா. எல்லாம் சுருக்கமாத்தான் கேட்டாங்க."

"அண்ணே, ஓட்டுனது பஸ்ஸுன்னு சொன்னீங்களா?"

அண்ணன் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அவங்க அதக் கேக்கலையேம்மா."

அவள் வருவதற்கு முன்பே, என் கடைக் கணினியில் திறந்திருந்த அவள் கணக்குக்குக் கம்பெனியின் மெயில் வந்துவிட்டது. வண்டியை நிறுத்திவிட்டு நேராகக் கடைக்கு வந்தாள். நான் திரையைத் திருப்பி வைத்தேன். எழுதியிருந்தது இதுதான். விண்ணப்பத்தில் உள்ள எண்ணில் ஓர் ஆண் பேசினார், தன்னை விண்ணப்பதாரர் என்று உறுதி செய்தார். அவர் சொன்ன அனுபவம், வயது, உடல்நிலை, ஓர் ஆடு அடிபட்ட விபத்து எதுவும் ஆவணங்களோடு பொருந்தவில்லை. ஆள்மாறாட்டம் என்று சந்தேகிக்கிறோம். ஐந்து வேலை நாட்களுக்குள் தக்க விளக்கம் தராவிட்டால் விண்ணப்பம் முடிக்கப்பட்டு, உங்கள் நாட்டு விமானத் துறைக்கும் தெரிவிக்கப்படும்.

ஆடு என்கிற வார்த்தை வந்த இடத்தில் அவள் சிரித்தே விட்டாள். சிரித்துக்கொண்டே ஸ்டூலில் உட்கார்ந்தாள். பிறகு சிரிப்பு நின்று, கையில் ஒட்டியிருந்த மாவை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். விமானத் துறைக்குத் தெரிவித்தால் வெளிநாடு மட்டுமல்ல, உள்நாடும் போயிற்று. அது எனக்கே புரிந்தது.

என் போனில் ஏஜென்ட்டைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டாள்.

"மேடம், டென்ஷன் ஆகாதீங்க. ரொம்ப சிம்பிள். நம்பர் தப்பாப் போட்டுட்டோம், போன் எடுத்தது யாரோ சம்பந்தம் இல்லாத ஆளு, கொஞ்சம் புத்தி சரியில்லாதவரு மாதிரி இருக்கு, அப்படின்னு ரெண்டு வரி எழுதிடுங்க. வேற நம்பர் குடுத்துடலாம். பேரையும் ஒரு அஃபிடவிட் போட்டு மாத்திடுங்க. நல்லதா, சின்னதா, அவங்க வாயில நொழையற மாதிரி ஒரு குடும்பப் பேரு வச்சுக்குங்க. இனிமே எங்க போனாலும் தொல்ல இல்ல."

அப்போதுதான் பார்த்தேன். அண்ணன் கடைப் படியில் குடையோடு நிற்கிறார். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ, குடையிலிருந்து வழிந்த தண்ணீர் அவர் காலடியில் குளமாக நின்றது.

"அவரு சொல்றபடி எழுதும்மா" என்றார். "யாரோன்னு எழுது. புத்தி சரியில்லன்னே எழுது. எழுத்துல எழுதுனா நான் யாரோ ஆயிடுவேனா? உன் வேல முக்கியம்."

அவள் போனை அணைத்தாள். "அது முடியாதுப்பா."

"ஏன் முடியாது? தப்புப் பண்ணது நான்."

"நீங்க என்னப்பா தப்புப் பண்ணீங்க? பேரச் சொல்லி நீங்கதானான்னு கேட்டாங்க. ஆமான்னீங்க. கேட்டதுக்கெல்லாம் உண்மையச் சொன்னீங்க. ஆட்டக்கூட விடல."

"எதுத்துக்கிட்டு நிக்கற நேரமா இது? அஞ்சு நாள்தான் இருக்கு."

"கேப்டன் தப்பா எறக்குனா தப்புன்னு வாயத் தொறந்து சொல்லணும். அதுக்குத்தான்பா பக்கத்து சீட்ல என்னை உக்கார வைக்கறாங்க. பொய்ய எழுதிக் குடுத்துட்டு அந்த சீட்ல போய் உக்காந்தா, அப்புறம் என் வாய் எப்படித் தொறக்கும்? அது ஒரு பக்கம் இருக்கட்டும். எங்கப்பாவ யாரோன்னு நான் எழுத மாட்டேன். அவ்வளவுதான். அந்த வேல இல்லன்னா பன்னு இருக்கு."

அதற்குள் அண்ணி இறங்கி வந்திருந்தாள், கழுத்தில் இஞ்ச் டேப்போடு. விஷயத்தைக் கேட்டாள். கணவரைப் பார்த்து ஒரு முறை முறைத்தாள். "பேரச் சொல்லிக் கூப்பிட்டா போதும், மனுஷனுக்குத் தல கால் புரியாது." பிறகு பெண் பக்கம் திரும்பினாள். "நீ எழுதுடி. உள்ளத உள்ளபடி எழுது. அவங்க கட்டத்துக்கு ஏத்த மாதிரி நாம வெட்டித் தச்சுக்க முடியுமா? துணின்னா வெட்டலாம்."

நான் கீபோர்டை இழுத்துக்கொண்டேன். என் கை பழக்கத்தில் 'மன்னிக்கவும்' என்று ஆரம்பித்துவிட்டது. தெருவில் யாருக்கு மனு அடித்தாலும் அப்படித்தான் ஆரம்பிப்பேன், ரேஷன் கார்டில் பெயர் விட்டுப்போனது ஆபீஸ்காரன் தப்பாக இருந்தாலும்.

"அத எடுங்க அத்தை."

"ஒரு மரியாதைக்கு."

"மரியாதைய வேற எடத்துல வைப்போம். மன்னிப்பு எதுக்குன்னு சொல்லுங்க, போடலாம்."

அழித்தேன். அவள் சொல்லச் சொல்ல அடித்தேன். ஆங்கிலத்தில் எழுதியதன் சாரம் இது:

'எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயரின் முதல் எழுத்தே எங்கள் பெயருக்கு முன்னால் நிற்கும். என் பாஸ்போர்ட்டில் அந்த இடம் காலியாக இருப்பதை நீங்களே பார்க்கலாம். உங்கள் படிவம் காலியை ஏற்காததால் என் தந்தையின் பெயரை எழுதினேன். நீங்கள் அழைத்தது அவர் பெயரை, பேசியதும் அவர்தான். அவர் சொன்ன ஒவ்வொன்றும் உண்மை. அவர் முப்பத்தொரு வருடம் பேருந்து ஓட்டினார். ஓர் ஆட்டைத் தவிர விபத்து இல்லை. சான்றிதழ் இணைத்திருக்கிறேன். என் பெயரை மாற்றும் எண்ணம் எனக்கு இல்லை. இதே பெயரில்தான் என் லைசென்ஸும் இரண்டாயிரத்து அறுநூற்று நாற்பது மணி நேரமும் இருக்கின்றன. என் தொலைபேசி எண்ணும் மாறவில்லை. நான் வாகனம் ஓட்டும் நேரத்தில் அழைத்தால் மறுபடியும் அவர்தான் எடுப்பார்.'

அண்ணன் பெட்டியிலிருந்து சர்வீஸ் சான்றிதழைக் கொண்டுவந்து கொடுத்தார். பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக இருந்தது. ஸ்கேன் செய்யும்போது பக்கத்திலேயே நின்றார்.

"இதுல ஆடு இல்லையே. கேட்டா என்ன சொல்றது?"

"கேட்டா ஆட்டோட மிஸ்டேக்னு சொல்லுவோம்" என்றேன்.

மெயில் போனதும் ஏஜென்ட்டுக்கு ஒரு நகல் அனுப்பினாள். அவர் கூப்பிட்டுக் கத்தினார். வெளிநாட்டுக்காரனுக்கு வகுப்பெடுக்கிறீர்களா, வேலை கேட்கிறவர்கள் எழுதுகிற கடிதமா இது, இனிமேல் தன்னைக் கூப்பிட வேண்டாம் என்றார். அவள் சரி என்று வைத்துவிட்டாள்.

நாலு நாள் ஒன்றும் வரவில்லை. மழை விடவில்லை. அவள் தினமும் வேனை எடுத்தாள், டிரேக்களுக்கு மேல் தார்ப்பாய் கட்டினாள், ஷூவுக்குப் பாலீஷ் போட்டாள். சாயங்காலம் விமானத்தின் தடித்த புத்தகத்தை எடுத்துக்கொண்டு என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து படித்தாள். சோதனை நாளைக்கு வைத்தாலும் தேறுவேன் என்பது போல ஒரு பிடிவாதம். எனக்குத்தான் தூக்கம் போயிற்று. 'எவன் கேட்கப் போகிறான்' என்று சொன்ன வாய் என்னுடையது. மருந்துக்கடைக்காரர் வந்து, "என்னக்கா, வெளிநாடு என்னாச்சு? சொந்த நாட்டுலயே இல்லாத வேலைய அடுத்தவன் தட்டுல வச்சுத் தருவானா?" என்றார். ஒரு கட்டு காகிதத்தை அவர் முன்னால் டொப்பென்று போட்டு, "ஜெராக்ஸ் எடுக்கணும்னா எடுங்க, இல்லன்னா நகருங்க. வெளிச்சம் மறைக்குது" என்றேன்.

ஐந்தாம் நாள். வண்டிக்குக் கிளம்பும்போது போனை எடுத்து அப்பா கையிலேயே கொடுத்தாளாம்.

"இன்னிக்கு அடிச்சா நீங்கதான்பா எடுக்கணும்."

"நானா? பட்டது போதாதா? உங்கம்மா எடுக்கட்டும்."

"நீங்கதான் எடுப்பீங்கன்னு எழுதியிருக்கேன். இப்ப ஒளிஞ்சா நாம எழுதுனது பொய்யாயிடும்."

எட்டரைக்கு நானும் மேலே போய்விட்டேன். கடையைத் திறக்கவில்லை. அண்ணி ஒரு நீல யூனிஃபார்ம் துணியை மேஜைமேல் விரித்து, சாக்கட்டியால் அளவு போட்டுக்கொண்டிருந்தாள். ஒரே கோட்டை மூன்று தடவை போட்டாள். அண்ணன் குளித்து, தலைவாரி, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார், போனை மடியில் வைத்துக்கொண்டு. டீ ஆறிக்கொண்டிருந்தது, யாரும் தொடவில்லை.

ஒன்பதே காலுக்கு அடித்தது. நீளமான நம்பர்.

அண்ணன் எழுந்து நின்றார். ஸ்பீக்கரை அழுத்தச் சொல்லி நான் கைகாட்டினேன். அதே பெண் குரல்தான் போலிருக்கிறது. அண்ணனின் பெயரைச் சொல்லி, உடைத்து உடைத்துச் சொல்லி, நீங்கள்தானா பேசுவது என்று கேட்டது.

அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டார். பிறகு, பஸ்ஸில் கடைசி சீட்டுக்கும் கேட்கிற குரலில் சொன்னார்.

"எஸ். ஐ ஆம் தட் நேம். மை டாட்டர் ஆல்ஸோ தட் நேம். ஐ ஆம் பஸ். ஷி இஸ் ஏரோப்ளேன். விச் ஒன் யூ வாண்ட்?"

அண்ணியின் சாக்கட்டி நின்றுவிட்டது. பிறகு அந்தக் குரல், சிரிப்பை அடக்கியது போலத்தான் எனக்குக் கேட்டது, விமானம் ஓட்டுகிறவரை வேண்டும் என்றது.

"நாட் பாஸிபிள்" என்றார் அண்ணன். நான் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினேன். "ஷி இஸ் டிரைவிங் நவ். டிரைவிங் டைம், நோ போன். மை ரூல். டென் ஓ கிளாக், யூ கால்."

பிறகு அந்தப் பெண் மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். நல்ல விதிதான், மாற்ற வேண்டாம். விளக்கத்தை ஏற்றுக்கொண்டார்கள், விசாரணை முடிந்தது. வேலை அனுமதிக் காகிதங்கள் இன்றைக்கே வரும், பயிற்சி பத்தொன்பதாம் தேதி ஆரம்பம். இதைப் பைலட்டிடம் சொல்லிவிடுவீர்களா?

எழுதிக்கொள்ளக் காகிதம் தேடினார் அண்ணன். காகிதக் கடை வைத்திருக்கிற என் கையில் ஒரு துண்டு காகிதம் இல்லை. அண்ணி கையிலிருந்த சாக்கட்டியைப் பிடுங்கி, நீலத் துணியின் நடுவிலேயே பெரிதாகப் பத்தொன்பது என்று எழுதினார். ஊரான் வீட்டுப் பிள்ளையின் சட்டைத் துணி. அண்ணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகை வந்தது, அழுதேன்.

பத்து மணிக்கு வேன் சத்தம் கேட்டது. பின்பக்கமாக வந்து, சுவருக்கு ஒரு சாண் விட்டு நின்றது. ஈரமான மாவுத் தலையோடு மேலே ஏறி வந்தவள், எங்கள் மூன்று பேரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மேஜைமேல் இருந்த துணியைப் பார்த்தாள்.

"போன் வந்துதாப்பா? என்ன சொன்னாங்க?"

அண்ணன் போனை அவளிடம் நீட்டினார்.

"ரெண்டு பேர்ல யார் வேணும்னு கேட்டேன். நீதான் வேணுமாம்."